வீட்டுக்கு வரப்போவது யார்? வீட்டு மருத்துவப் பராமரிப்புத் தளங்கள் சொல்லாமல் விடுபவை

வீட்டுக்கே வந்து மருத்துவப் பராமரிப்பு தரும் நிறுவனங்களின் இணையதளங்களை வரிசையாகத் திறந்து பாருங்கள். பெயரையும் லோகோவையும் மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்வது கடினம். சக்கர நாற்காலியில் சிரித்தபடி ஒரு முதியவர், அவர் தோளில் கை வைத்து நிற்கும் சீருடைப் பெண், மேலே "அன்பும் அக்கறையும் நிறைந்த பராமரிப்பு" என்ற வாசகம், கீழே ஐகான்களோடு எட்டோ பத்தோ சேவைகள், கடைசியில் ஒரு படிவம். பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் வந்தவர் மனதில் ஓடுவது வேறு. வரப்போவது யார்? படித்த நர்ஸா, பயிற்சி பெற்ற உதவியாளரா? நாளைக்கே வர முடியுமா? ராத்திரி இரண்டு மணிக்கு சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது? கட்டணத்தை எப்படிக் கணக்கிடுவார்கள்? பெரும்பாலான தளங்களில் இதற்கெல்லாம் பதில் இருக்காது.

இப்படிப்பட்ட தளத்தை மாற்றி அமைக்கலாம் என்று முடிவானதும் பேச்சு நிறத்தில் தொடங்கும், முகப்புப் படத்துக்குப் போகும், "கொஞ்சம் மாடர்னா வேணும்" என்பதில் நிற்கும். என்னைக் கேட்டால், அது தப்பான தொடக்கம். இந்தத் துறையில் தளம் மௌனமாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம், பதில் அலுவலகத்திலேயே தீர்மானமாகவில்லை என்பதுதான். ராத்திரி அழைப்பை யார் எடுப்பார்கள் என்று நிறுவனம் முடிவு செய்யாதவரை எந்த டிசைனரும் அதைப் பக்கத்தில் எழுத முடியாது. ஆகவே வேலை தொடங்க வேண்டிய இடம் தொலைபேசி இருக்கும் மேசை. அழைப்பை எடுப்பவர் பக்கத்தில் சில நாள் உட்கார்ந்து, குடும்பங்கள் கேட்கும் கேள்விகளை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வைத்தால் போதும். அந்தக் குறிப்பேடுதான் புதிய தளத்தின் முதல் வரைவு. அழைப்பை எடுப்பவர், நர்ஸ்களை முறைபோட்டு அனுப்புபவர், பில் போடுபவர் ஆகிய மூவரும் ஒன்றாக உட்கார்ந்து அதில் உள்ள ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடிந்தால், தளத்தின் பாதி வேலை முடிந்த மாதிரி.

மருத்துவமனைத் தளத்தின் சின்ன வடிவமாக இதை நினைப்பவர்கள் உண்டு. அது சரிவராது. மருத்துவமனைக்கு நோயாளி போகிறார். கட்டடம், வரவேற்பறை, சுற்றிலும் ஆட்கள் என்று எல்லாமே கண்ணெதிரே இருக்கும். வீட்டுப் பராமரிப்பில் முன்பின் தெரியாத ஒருவர் கதவைத் தாண்டி உள்ளே வருகிறார். படுக்கையறை, குளியலறை, மருந்து அலமாரி, சில வீடுகளில் சாவி உட்பட எல்லாம் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் வந்துவிடும். உடம்பு முடியாத ஒருவர் அவரோடு தனியாகவும் இருக்கப்போகிறார். குடும்பம் எடுக்கும் முடிவின் கனம் அங்கேதான் இருக்கிறது. அதனால் "எங்களைப் பற்றி" பக்கத்தில் நிறுவனர் வாழ்த்துரையை விட, ஆட்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள், சான்றிதழை யார் சரிபார்க்கிறார்கள், பின்னணி விசாரணை உண்டா, முதல் நாள் யாராவது மேற்பார்வைக்கு வருவார்களா, பிடிக்கவில்லை என்றால் ஆளை மாற்றித் தருவீர்களா என்பவை முக்கியம். இவற்றை மறைத்து வைக்க எந்த நிறுவனத்துக்கும் காரணம் இல்லை. ஆனாலும் இவை தளத்தில் கிடைப்பது அபூர்வம்.

சில இடங்களில் சட்டமே இதைக் கையில் எடுத்துக்கொண்டது. இங்கிலாந்தில் பராமரிப்புச் சேவைகளைக் கண்காணிக்கும் கேர் குவாலிட்டி கமிஷன் ஒரு நிறுவனத்துக்கு மதிப்பீடு வழங்கியிருந்தால், அதை அந்த நிறுவனம் தன் இணையதளத்தில் தெளிவாகக் காட்டியே ஆக வேண்டும் என்பது 2015 ஏப்ரல் முதல் விதி. நல்ல மதிப்பீடு வந்தால் மட்டும் போட்டுக்கொள்வது என்ற பேச்சு அங்கே இல்லை. அப்படி ஒரு விதி இல்லாத நாட்டிலும், உரிம எண், கடைசியாக ஆய்வு நடந்த தேதி, குறை சொல்ல வேண்டிய அதிகார அமைப்பின் பெயர் ஆகியவற்றைத் தாமாகவே போடும் நிறுவனத்தின் மேல் எனக்கு உடனே மரியாதை வரும்.

வருகிறவர்கள் ஒரே மாதிரி இல்லை

தளத்துக்கு வருபவரை "நோயாளி" என்று ஒரே பெயரில் அடைப்பதுதான் பல குழப்பங்களுக்கு வேர். பல வேளைகளில் வருவது நோயாளியின் மகளோ மகனோதான். வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருப்பார். நாளை டிஸ்சார்ஜ் என்று சாயங்காலம்தான் சொல்லியிருப்பார்கள். எல்லோரும் தூங்கிய பிறகு, போனில், ஒரே நேரத்தில் நாலைந்து தளங்களைத் திறந்து வைத்துப் பார்ப்பார். பொறுமையும் நேரமும் குறைவு, பயம் அதிகம். அவருக்கு வேண்டியது மூன்றே விஷயம்: எங்கள் பகுதிக்கு வருவீர்களா, இந்த வேலையைச் செய்வீர்களா, யாரிடம் பேசலாம்.

அப்புறம் நோயாளியே வருவார். தன் உடம்பைப் பற்றித் தன்னைக் கேட்காமல் முடிவெடுக்கிறார்கள் என்ற வருத்தம் பல முதியவர்களுக்கு உண்டு. "உங்கள் அன்புக்குரியவரை எங்களிடம் விடுங்கள்" என்ற தொனியிலேயே தளம் முழுக்க எழுதியிருந்தால், அதைப் படிக்கும் நோயாளி தன்னை ஒரு பொட்டலமாகத்தான் உணர்வார். ஒரு பக்கமாவது நேரடியாக அவரிடம் பேச வேண்டும்: நர்ஸ் வரும்போது நீங்கள் என்ன கேட்கலாம், எதற்கு வேண்டாம் என்று சொல்லலாம், குளிக்கவைக்கும்போது கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டா.

மூன்றாவது ஆள், மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் ஏற்பாடு செய்பவர். இவருக்கு வாசகமும் படமும் வேண்டாம். ரத்தநாளம் வழி மருந்து ஏற்றுவீர்களா, எத்தனை மணி நேரத்தில் முதல் வருகை, பரிந்துரைக் கடிதத்தை எப்படி அனுப்புவது, வார இறுதியில் புதிய நோயாளியை ஏற்பீர்களா என்று ஒரே பக்கத்தில் தெரிந்தால் போதும். பல நிறுவனங்களுக்கு வேலை வரும் முக்கிய வழியே இவர்தான். ஆனாலும் இவருக்கென்று ஒரு பக்கம் இல்லாத தளங்கள் ஏராளம்.

வேலை தேடும் நர்ஸ்களும் உதவியாளர்களும் நான்காவது வகை. பணி நேரம், பயணப்படி, எந்தப் பகுதி, ஆபத்தான வீட்டில் தனியாக மாட்டிக்கொண்டால் நிறுவனம் என்ன செய்யும் என்று அவர்களுக்கும் நேர்மையான பதில் வேண்டும். நல்ல ஆள் வராவிட்டால் மற்ற பக்கங்களில் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும் என்பதால், வேலைவாய்ப்புப் பக்கத்தைக் கடைசி நாளில் ஒப்புக்குச் செய்து போடக் கூடாது. மற்றபடி மெனுவில் இந்த நான்கு வழிகளும் தனித்தனியாகத் தெரிந்தால் போதும்.

சொல்வதைச் சொல்வது

இத்தகைய தளங்களில் வழக்கமாகக் காணும் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: "அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முழுமையான, நோயாளியை மையமாகக் கொண்ட காயப் பராமரிப்புத் தீர்வுகளை எங்கள் அனுபவமிக்க நிபுணர் குழு வழங்குகிறது." இதைப் படித்த மகளுக்கு எதுவும் தெரிந்துவிடவில்லை. அதையே இப்படி எழுதலாம்: "அறுவை சிகிச்சைப் புண்ணுக்குக் கட்டு மாற்ற, பதிவுபெற்ற நர்ஸ் வீட்டுக்கு வருவார். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை உங்கள் மருத்துவர் எழுதித் தருவதை வைத்து முடிவு செய்வோம். கட்டுத்துணியும் மருந்தும் நாங்களே கொண்டுவருவோம்; அதற்குத் தனிக் கட்டணம். சீழ், காய்ச்சல், அதிக ரத்தம் இருந்தால் நர்ஸ் உங்கள் மருத்துவரை அழைப்பார். தையல் பிரிப்பதை மருத்துவரின் எழுத்துப்பூர்வ உத்தரவு இல்லாமல் செய்யமாட்டோம்." கொஞ்சம் நீளம்தான். ஆனால் படித்தவருக்கு நாளை என்ன நடக்கும் என்பது கண்முன் தெரிகிறது. யார் வருவார், எப்போது, என்ன செய்வார், என்ன செய்யமாட்டார், தப்பானால் என்ன ஆகும் என்ற ஐந்தும் உள்ளே இருக்கின்றன.

அந்த "செய்யமாட்டோம்" என்ற வரியைப் போட நிறுவனங்கள் தயங்குகின்றன. வாடிக்கையாளர் போய்விடுவாரோ என்ற பயம். உண்மையில் எல்லையைச் சொல்வதுதான் நம்பிக்கையைக் கூட்டும். குளிப்பாட்டுவது, நடக்கவைப்பது, மருந்தை நினைவூட்டுவது ஆகியவை உதவியாளர் செய்யும் வேலை. ஊசி போடுவது, குழாய் மாற்றுவது, புண்ணை மதிப்பிடுவது நர்ஸின் வேலை. விழுந்து எழுந்தவரை மறுபடி நடக்கவைப்பது பிசியோதெரபிஸ்ட் வேலை. வீட்டுக்குள் தினசரிக் காரியங்களைத் தானே செய்யப் பழக்குவது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வேலை. பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சையும் விழுங்குவதையும் பார்ப்பவர் ஸ்பீச் தெரபிஸ்ட். இந்த வேறுபாடு தெரியாமல் குடும்பம் தவறான ஆளைக் கேட்டு, மூன்றாம் நாள் சண்டையில் முடிவது இந்தத் துறையில் வழக்கமான கதை. எளிய அட்டவணை ஒன்று அதைத் தடுக்கும்: இடது பக்கம் "என் நிலைமை", வலது பக்கம் "யார் வர வேண்டும்".

மொழி எவ்வளவு எளிமையாக இருக்க வேண்டும் என்பதற்கு பிரிட்டிஷ் அரசுத் தளங்கள் ஒரு நல்ல அளவுகோல் வைத்திருக்கின்றன. அரசின் பொதுத் தளமான கவ்.யூகே, 9 வயதுக் குழந்தையின் வாசிப்புத் திறனுக்கு எழுதச் சொல்கிறது. அங்குள்ள தேசிய சுகாதார சேவை 9 முதல் 11 வயது என்கிறது. படித்தவர்களுக்கு இது அவமரியாதை என்று சிலர் நினைப்பதுண்டு. நடு ராத்திரியில், அழுது முடித்த கண்ணோடு படிக்கும்போது பேராசிரியருக்கும் எளிய வாக்கியம்தான் வேண்டும்.

கட்டணத்தைப் பற்றி ஒரு பத்தி. தொகையை வெளியிட மனமில்லாவிட்டாலும் கணக்கிடும் முறையைக் கட்டாயம் சொல்லலாம்: ஒரு வருகைக்கா, மணிக்கா, ஷிஃப்டுக்கா, குறைந்தது எத்தனை மணி நேரம், இரவிலும் விடுமுறையிலும் கூடுமா, காப்பீடு எதை ஏற்கும், கடைசி நிமிடத்தில் ரத்து செய்தால் என்ன. இதைச் சொல்லாத தளத்தைப் பார்ப்பவர், அதிகமாக இருக்கும் போல என்று நினைத்து அடுத்த தளத்துக்குப் போய்விடுவார்.

இன்னொன்று, எந்தப் பக்கத்திலும் தவறக் கூடாதது: இது அவசர சேவை அல்ல, மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, நினைவிழப்பு என்றால் உடனே அவசர எண்ணை அழைக்கவும் என்ற வரி. படிவத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். படிவத்தை அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பது ஆபத்தாக முடியக்கூடிய நிலையில் யாராவது அந்தப் பக்கத்துக்கு வரத்தான் செய்வார்கள்.

கண்ணும் கையும்

வயதாகும்போது கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிறது. மங்கலான எழுத்தைப் பின்னணியிலிருந்து பிரித்துப் பார்க்கும் திறன் குறைகிறது. நீலச் சாயல்களை வேறுபடுத்துவது சிரமமாகிறது. கை நடுங்குபவர்களுக்கு சின்ன பட்டனைக் குறிபார்த்துத் தொடுவது பெரும்பாடு. ஆனால் "மருத்துவத் தோற்றம்" என்று டிசைனர்கள் விரும்பித் தேர்ந்தெடுப்பது வெளிர் நீலமும் சாம்பல் நிற மெல்லிய எழுத்தும்தான். யாருக்காகத் தளம் கட்டப்படுகிறதோ அவர்களுக்கே படிக்க முடியாத நிறங்கள்.

இதற்கு உலகம் ஒப்புக்கொண்ட அளவுகள் இருக்கின்றன. இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிடும் டபிள்யூசிஏஜி என்ற அணுகல் வழிகாட்டுதலின் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. அதன் மூன்று நிலைகளில் நடுவிலுள்ள ஏஏ நிலைப்படி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) வேண்டும். பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 போதும். எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினாலும் எதுவும் காணாமல் போகக் கூடாது. தொடும் இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் இருக்கவேண்டும், அல்லது அதற்கு ஈடாகச் சுற்றிலும் இடைவெளி வேண்டும். அதைவிடக் கடுமையான ஏஏஏ நிலை 44-க்கு 44 கேட்கிறது. வீட்டுப் பராமரிப்புத் தளத்துக்கு நான் இரண்டாவதையே பிடித்துக்கொள்ளச் சொல்வேன்.

2.2 பதிப்பில் புதிதாக வந்தவற்றில் மூன்று, இந்தத் துறைக்கென்றே எழுதியது போல இருக்கின்றன. உதவி எண்ணோ தொடர்பு இணைப்போ பல பக்கங்களில் வருகிறது என்றால், எல்லாப் பக்கத்திலும் அது ஒரே வரிசையில், எதிர்பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும். ஒரு முறை நிரப்பிய தகவலை அதே வேலையின் அடுத்த கட்டத்தில் மறுபடி கேட்கக் கூடாது. உள்நுழையும்போது புதிர் விடுவிப்பதையோ கடவுச்சொல்லை மனப்பாடமாக எழுதுவதையோ மட்டுமே வழியாக வைக்கக் கூடாது. நினைவு தடுமாறும் ஒருவருக்கு இவை ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிய உதவி என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

சில வரி நிரலைச் (code) செருகினால் தளம் தானாகவே அணுகல் விதிகளுக்கு ஏற்றதாகிவிடும் என்று விற்கப்படும் கருவிகளை நம்ப வேண்டாம். அப்படி வாக்குறுதி கொடுத்து விற்ற ஒரு நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்பைப் பார்க்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2025-இல் நடவடிக்கை எடுத்தது. அணுகல் என்பது தலைப்பு, படிவ லேபிள், நிறம், வரிசை என்று அடியிலிருந்து கட்டப்பட வேண்டியது. மேலே ஒரு ஐகான் ஒட்டி அதைக் கொண்டுவர முடியாது.

முகப்பில் தானாக நகரும் படங்களையும் விட்டுவிடலாம். நோட்டர்டாம் பல்கலைக்கழகத் தளத்தில் 2013-இல் அளந்து பார்த்தபோது, அத்தகைய நகரும் பகுதியைத் தொட்டவர்கள் வந்தவர்களில் சுமார் 1 சதவீதம்தான். அவர்களிலும் பெரும்பாலானோர் முதல் படத்தையே தொட்டார்கள். மெதுவாகப் படிப்பவர் ஒரு வரியை முடிப்பதற்குள் அது நகர்ந்துவிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். அந்த இடத்தில் பெரிய எழுத்தில் தொலைபேசி எண், அது எடுக்கப்படும் நேரம், உங்கள் பகுதிக்கு வருகிறோமா என்று பார்க்கும் ஒரு பெட்டி இருந்தால் போதும்.

படிவம்: அதிகம் கேட்காதீர்கள்

தளத்தில் நான் அதிக நேரம் செலவிடச் சொல்லும் இடம் இதுதான். பழைய படிவம் எப்படி இருக்கும்? பெயர், வயது, பாலினம், முகவரி, நோய், எடுத்துக்கொள்ளும் மருந்துகள், மருத்துவர் பெயர், காப்பீட்டு எண், "உங்கள் தேவையை விரிவாக எழுதவும்". பெட்டிக்குள்ளேயே மங்கலான குறிப்பு இருக்கும். தட்டத் தொடங்கியதும் மறைந்துவிடும். என்ன கேட்டார்கள் என்பது அதோடு மறந்துபோகும். எல்லாம் நிரப்பி அனுப்பியதும் அந்த விவரம் அப்படியே அலுவலகத்தின் பொது மின்னஞ்சல் பெட்டிக்குப் போகும். நாலு பேரிடம் அதன் கடவுச்சொல் இருக்கும். இரண்டு வருடம் கழித்தும் ஒருவரின் படுக்கைப் புண் பற்றிய விவரம் அங்கேயே கிடக்கும்.

முதல் தொடர்புக்கு இவ்வளவும் தேவையே இல்லை. கூப்பிட வேண்டிய எண், எந்தப் பகுதி, பராமரிப்பு உங்களுக்கா வேறொருவருக்கா, எப்போது தொடங்க வேண்டும், எந்த நேரத்தில் கூப்பிடலாம். இவ்வளவுதான். கூடவே ஒரு கேள்வி சேர்க்கலாம், இது பல தளங்களில் இருக்காது: "நாங்கள் அழைக்கும்போது, எங்கிருந்து பேசுகிறோம் என்று போனை எடுப்பவரிடம் சொல்லலாமா?" அம்மாவிடம் இன்னும் பேச்சையே எடுக்காத நிலையில் மகள் விசாரித்திருப்பாள். நிறுவனம் வீட்டு எண்ணுக்குக் கூப்பிட்டு "உங்களுக்கு நர்ஸ் வேணும்னு கேட்டிருந்தாங்க" என்று சொன்னால், அந்தக் குடும்பத்தில் என்ன நடக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். நோய், மருந்து, காப்பீடு எல்லாம் பேசும்போது கேட்டுக்கொள்ளலாம். அனுப்பிய பிறகு வரும் பக்கமும் வெறும் "நன்றி"யோடு நிற்கக் கூடாது. யார், எத்தனை மணிக்குள், எந்த எண்ணிலிருந்து கூப்பிடுவார்கள் என்று சொல்ல வேண்டும். தெரியாத எண்ணை எடுக்காத பழக்கம் இப்போது எல்லோருக்கும் உண்டு.

படிவத்தைவிடக் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து, பக்கத்துக்கு வருபவர் என்ன செய்கிறார் என்பதை விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பும் கண்காணிப்பு நிரல்கள். தி மார்க்கப் என்ற செய்தித் தளம் 2022 ஜூனில் அமெரிக்காவின் 100 முன்னணி மருத்துவமனைகளின் தளங்களைச் சோதித்தது. அவற்றில் 33-இல், ஒருவர் மருத்துவரின் நேரம் கேட்டு பட்டனை அழுத்தியதும் மெட்டா பிக்சல் என்ற கண்காணிப்பு நிரல் மூலம் ஃபேஸ்புக்குக்குத் தகவல் போய்க்கொண்டிருந்தது. மருத்துவமனைகள் கெட்ட எண்ணத்தோடு செய்தவை என்று இதைச் சொல்ல முடியாது. விளம்பரப் பலனை அளக்க மார்க்கெட்டிங் ஆட்கள் ஒட்டிய நிரல், யாரும் திரும்பிப் பார்க்காமல் கிடந்து வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. அதற்கடுத்த ஆண்டு ஃபெடரல் டிரேட் கமிஷன், பயனர்களின் உடல்நலத் தகவலை விளம்பர நிறுவனங்களோடு பகிர்ந்ததற்காக மருந்துத் தள்ளுபடித் தளமான குட்ஆர்எக்ஸ் மீதும் இணையவழி மனநல ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் மீதும் நடவடிக்கை எடுத்தது. முதலாவது 15 லட்சம் டாலரும் இரண்டாவது 78 லட்சம் டாலரும் கட்ட ஒப்புக்கொண்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரோ, 2018-இல் நடைமுறைக்கு வந்தபோதே, 9-ஆம் பிரிவில் உடல்நலத் தகவலைத் தனிக் காவல் வேண்டிய வகையில் வைத்துவிட்டது.

வீட்டுப் பராமரிப்புத் தளத்தில் பக்கத்தின் முகவரியே நோயைச் சொல்லிவிடும். "டிமென்ஷியா பராமரிப்பு", "இறுதிக்கால நோய்த் தணிப்பு" என்ற பக்கங்களை ஒருவர் ராத்திரியில் திறந்தார் என்பது ஒரு விளம்பர நிறுவனத்துக்குத் தெரிவது சாதாரண விஷயம் இல்லை. ஆகவே புதிய தளத்துக்கு மாறும்போது பழைய கண்காணிப்பு நிரல்களைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வராதீர்கள். ஒவ்வொன்றாக எடுத்து, இது எங்கே எதை அனுப்புகிறது, நமக்கு இதனால் என்ன தெரிகிறது என்று கேளுங்கள். பதில் தெரியாததை எல்லாம் விட்டுவிடுங்கள்.

விமர்சனங்களுக்குப் பதில் எழுதுவதும் இதே வகை. யாரோ ஒருவர் பொதுவெளியில் குறை எழுதியதும் "உங்கள் தந்தைக்கு அன்று நர்ஸ் வந்தாரே" என்று நிறுவனம் பதில் போட்டால், அவர் நோயாளி என்பதை உலகத்துக்கே சொன்னதாகிவிடும். 2019-இல் அமெரிக்காவில் ஒரு பல் மருத்துவ நிறுவனம் யெல்ப் என்ற விமர்சனத் தளத்தில் இப்படிப் பதில் எழுதி, 10,000 டாலர் கட்டும்படி ஆனது. "தயவுசெய்து எங்களை நேரடியாக அழையுங்கள்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

படங்கள், பழைய இணைப்புகள்

விலைக்கு வாங்கிய படங்களை எடுத்துவிட்டு உண்மையான நர்ஸ்களின் படங்களைப் போடுங்கள். யார் வருவார் என்பதுதான் முதல் கேள்வி என்றால், அந்த முகமே முதல் பதில். சீருடையும் அடையாள அட்டையும் எப்படி இருக்கும் என்று ஒரு படம் இருந்தால், கதவைத் திறக்கும் முதியவர் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஊழியரின் முழுப் பெயரும் வீட்டு வட்டாரமும் வெளியே வரக் கூடாது. அவர்களும் தனியாகப் போய் வருபவர்கள்தான். நோயாளிகளின் படத்தை எழுத்துப்பூர்வமான ஒப்புதலோடு மட்டும் போட வேண்டும், எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடச் சொல்லலாம் என்ற உறுதியோடு. இன்னொன்றையும் நிறுவனம் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும்: படத்தில் இருப்பவர் இறந்துவிட்டால் யார் அதைக் கவனித்து, குடும்பத்திடம் பேசி, எடுப்பார்கள்? துக்கம் முடிந்த வாரத்தில் மகன் அந்தத் தளத்தைத் திறந்து அப்பா சிரிப்பதைப் பார்க்க நேர்ந்தால், அதை வைத்திருப்பதா எடுப்பதா என்ற முடிவு அவருடையதாக இருக்க வேண்டும். இதற்கு ஒரு பொறுப்பாளரும், படங்களின் பட்டியலும் வேண்டும்.

மாறும் நாளில் நடக்கும் விபத்து பெரும்பாலும் ஒன்றுதான்: பழைய முகவரிகள் செத்துப்போவது. மருத்துவமனைகளில் டிஸ்சார்ஜ் தாளில் அச்சடித்த இணைப்பு, நர்ஸ் கொடுத்துவிட்டுப் போன கையேட்டில் உள்ள கியூஆர் கோடு, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய ஸ்டிக்கர் எல்லாம் பழைய பக்கத்துக்குத்தான் போகும். அவற்றைத் திரும்ப வாங்க முடியாது. ஒவ்வொரு பழைய பக்கத்தையும் அதற்கு நிகரான புதிய பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் (பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று சொல்லித் தானாகவே புதிய முகவரிக்கு அனுப்பும் ஏற்பாடு) மூலம் திருப்ப வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடும் சோம்பேறி வழியை கூகுள், பக்கம் இல்லாததற்குச் சமமாகவே எடுத்துக்கொள்ளும். அந்தத் திருப்பங்களைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்வது கூகுளின் பரிந்துரை. அச்சில் போனவற்றுக்கு நான் காலவரம்பே வைக்கமாட்டேன்.

வேகத்துக்கும் கூகுளின் அளவுகள் தெளிவானவை. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டதற்கு 200 மில்லி வினாடிக்குள் அசைவு தெரிய வேண்டும், படிக்கும்போது எழுத்து இடம்பெயர்ந்து குதிக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னது முதியவர்களுக்கு மிக முக்கியம். தொடப்போன பட்டன் கீழே நழுவி, வேறெதையோ தொட்டுவிட்டு பயந்துபோய் போனை வைத்துவிடுபவர்கள் அவர்கள். பகுதிவாரியாக நூறு பக்கங்களை, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் போடும் பழைய தந்திரத்தையும் கைவிடுங்கள். தேடுபொறிகளின் விதிகளுக்கு அது எதிரானது, படிப்பவருக்கும் பயனில்லை.

வெளியிடுவதற்கு முன்பு சோதிக்க வேண்டும். இணையதளங்களின் பயன்பாட்டு எளிமையை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியது இன்றும் நல்ல வழிகாட்டி: ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும், திருத்திவிட்டு மறுபடி ஐந்து பேரை வைத்துச் சோதியுங்கள். வெவ்வேறு வகைப் பயனர்கள் இருந்தால் ஒவ்வொரு வகையிலும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதே. ஆகவே மகள்கள் சிலர், எழுபதைத் தாண்டிய சிலர், டிஸ்சார்ஜ் பார்ப்பவர் ஓரிருவர். "தளம் எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். "உங்கள் அப்பாவுக்கு நாளை குழாய் மாற்ற ஆள் வேண்டும், ஏற்பாடு செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு, அவர்களுடைய போனிலேயே, அவர்கள் வைத்திருக்கும் எழுத்து அளவிலேயே செய்யச் சொல்லிப் பேசாமல் பாருங்கள். எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பவரின் போனில் "அழைக்க" பட்டன் திரைக்கு வெளியே போய்விடுவதை அங்கே கண்ணால் பார்க்கலாம். குக்கி அனுமதிப் பெட்டி பாதித் திரையை மறைத்து, கீழே இருக்கும் தொலைபேசி எண்ணை மூடிக்கொண்டிருப்பதையும் பார்க்கலாம்.

வெளியான பிறகு எதை அளப்பது? வந்தவர் எண்ணிக்கை இந்தத் தொழிலில் அவ்வளவு பேசாது. தொடக்கத்தில் சொன்ன தொலைபேசி மேசையின் குறிப்பேடு நிற்காமல் தொடர வேண்டும். வாரம் ஒருமுறை அதைப் புரட்டி, தளத்தில் பதில் இருந்தும் ஜனங்கள் எதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று பார்த்தால், அந்தப் பதில் தவறான இடத்தில் இருக்கிறது அல்லது புரியாதபடி எழுதப்பட்டிருக்கிறது என்று தெரியும். சேவை இல்லாத பகுதியிலிருந்து அழைப்புகள் குறைந்தால் பகுதி பார்க்கும் பெட்டி வேலை செய்கிறது. முதல் வருகையில் "நீங்க இதெல்லாம் செய்வீங்கன்னு நினைச்சோம்" என்ற ஏமாற்றம் குறைந்ததா என்பதை நர்ஸ்களிடமே கேட்கலாம். சேவை நேரமோ ஆட்களோ கட்டண முறையோ மாறிய அன்றே பக்கத்தை மாற்றும் அதிகாரம் அலுவலகத்தில் ஒருவரிடம் பெயர் குறித்துக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். டெவலப்பருக்கு மின்னஞ்சல் போட்டுவிட்டு இரண்டு வாரம் காத்திருக்கும் ஏற்பாடாக இருந்தால், ஆறு மாதத்தில் புதிய தளமும் பழைய பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.